பூனைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? டர்பன் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பூனை வளர்க்கும் வீடுகளில் "ஒரு நாளைக்கு எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு கை", "அரைக் கிண்ணம்", "கேக்குறப்பல்லாம்" என்றுதான் பதில் வரும். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 4 கிலோ பூனைக்கு 10 கிராம் பெல்லட் (உலர்ந்த மணி உணவு) என்பது ஒரு நாள் தேவையில் ஏழில் ஒரு பங்கு. நம் உள்ளங்கையில் அது ஒரு சின்னக் குவியல்தான். அதைத் தினமும் கூடுதலாகப் போட்டால் சில மாதங்களில் பூனையின் இடுப்பு காணாமல் போகும். தினமும் குறைத்தால் முதுகெலும்பு தெரிய ஆரம்பிக்கும். அதனால் பதில் கிராமில்தான் இருக்க வேண்டும். அந்த கிராம் கணக்கை உங்கள் பூனைக்கு நீங்களே போட்டுக்கொள்ள இந்த வழிகாட்டி.

இது ஆரோக்கியமான பூனைகளுக்கு. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், சிறுநீர் அடைப்பு உள்ள பூனைக்கு மருத்துவர் சொன்ன உணவும் அளவும்தான்.

படி 1: எடை போடுங்கள்

குளியலறைத் தராசில் நீங்கள் பூனையோடு ஏறி, பிறகு பூனை இல்லாமல் ஏறி, கழித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் அந்தத் தராசு 100, 200 கிராம் முன்பின் காட்டும். நமக்கு அது ஒன்றுமில்லை, 4 கிலோ உயிருக்கு அது பெரிய வித்தியாசம். கைக்குழந்தை எடைபார்க்கும் தராசு யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். பயணப்பெட்டி எடைபார்க்கும் தொங்கு தராசில் பூனைக் கூடையை மாட்டி, கூடையின் எடையைக் கழித்தாலும் சரியாக வரும். கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள தராசில் ஏற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

படி 2: தொட்டுப் பாருங்கள்

எடை மட்டும் போதாது. 5 கிலோ ஒரு பெரிய ஆண் பூனைக்குச் சரியான எடை, சிறு உடல்வாகுள்ள பெண் பூனைக்கு அது பருமன். கையை மூடி, விரல் முட்டிகளைத் தடவுங்கள். பிறகு விரல்களை நீட்டி, புறங்கையைத் தடவுங்கள். கடைசியாக உள்ளங்கையின் சதைப்பற்றை அழுத்துங்கள். இப்போது பூனையின் விலாவில் இரு கைகளையும் வைத்து லேசாகத் தடவுங்கள். விரல் முட்டிபோல எலும்பு துருத்தினால் பூனை மெலிந்திருக்கிறது. புறங்கையைப்போல எலும்பு கைக்குத் தெரிந்து, மேலே மெல்லிய சதை இருந்தால் சரி. உள்ளங்கையைப்போல அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்படுகிறது என்றால் பருமன்.

மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்வாங்க வேண்டும். பின்னங்கால்களுக்கு முன்னால் தொங்கும் தளர்ந்த தோல் மடிப்பு பல பூனைகளுக்கு இயல்பானது. ஓடும்போது அது ஆடுவதைப் பார்த்துத் தொப்பை என்று நினைத்து உணவைக் குறைக்காதீர்கள்.

மருத்துவர்கள் இதே சோதனைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 சரியான உடல். அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணும் சுமார் 10 சதவீதக் கூடுதல் எடை. 6.5 கிலோ பூனைக்கு 8 மதிப்பெண் என்றால் 30 சதவீதம் அதிகம், அதன் சரியான எடை 5 கிலோ. இனி வரும் கணக்கில் அந்த 5 கிலோவைத்தான் போட வேண்டும், 6.5ஐ அல்ல.

படி 3: கலோரிக் கணக்கு

கைபேசிக் கால்குலேட்டர் போதும். எடையை மூன்று முறை பெருக்குங்கள், வர்க்கமூலக் குறியை இரண்டு முறை அழுத்துங்கள், வந்ததை 70ஆல் பெருக்குங்கள். 4 கிலோ பூனைக்கு 4 × 4 × 4 = 64. அதன் வர்க்கமூலம் 8, மறுபடி அழுத்தினால் 2.83, எழுபதால் பெருக்கினால் 198 கிலோ கலோரி. அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு இயங்கத் தேவைப்படுவது இது. கருத்தடை அறுவை செய்த, வளர்ந்த வீட்டுப் பூனைக்கு இதை 1.2ஆல் பெருக்க வேண்டும். அறுவை செய்யாததற்கு 1.4. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் எளிதில் எடை போடும் பூனைக்குப் பெருக்கவே வேண்டாம்.

அறுவை செய்த பூனைகளுக்கான நாள் தேவை சுமாராக இப்படி வரும்:

3 கிலோ: 190 கிலோ கலோரி
4 கிலோ: 240
5 கிலோ: 280
6 கிலோ: 320

எடை இரட்டிப்பானால் தேவை இரட்டிப்பாவதில்லை என்பதைக் கவனியுங்கள். "ஒரு கிலோவுக்கு இவ்வளவு" என்ற வாய்க்கணக்கு இங்கேதான் பிசகும். இந்த எண்கள் தொடக்கத்துக்குத்தான். ஒரே எடையுள்ள இரண்டு பூனைகளின் தேவை நிறையவே வேறுபடலாம். அதைத் தராசு பிறகு சொல்லும்.

படி 4: பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இதுதான். நான் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான்.

தென்னாப்பிரிக்காவில் விற்கும் செல்லப்பிராணி உணவு 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பையில் 'வி' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பதை வாங்கினால் அந்த எண்ணும் இருக்காது, சத்து விவரமும் இருக்காது, எப்போது திறந்தது என்றும் தெரியாது. இயன்றவரை மூடிய சிறு பையாக வாங்குங்கள்.

பையில் ஆற்றல் அளவு அச்சாகியிருந்தால் வேலை எளிது. இங்கே அது பெரும்பாலும் கிலோ ஜூலில் இருக்கும். 4.2ஆல் வகுத்தால் கிலோ கலோரி. ஆனால் பல பைகளில் ஆற்றல் அளவே இருப்பதில்லை. புரதம், கொழுப்பு, ஈரப்பதம், நார் ஆகியவை மட்டும் ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் என்று இருக்கும். அதிலிருந்தே நாம் கணக்கிடலாம்.

ஒரு சாதாரணப் பையில் புரதம் 300, கொழுப்பு 100, ஈரப்பதம் 100, நார் 40 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தால் வகுத்தால் 100 கிராமில் 30, 10, 10, 4. சாம்பல் சத்து (தாது உப்புகள்) போடாவிட்டால் பெல்லட்டுக்கு 7 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைக் கூட்டினால் 61. நூறில் கழித்தால் 39, அது மாவுச்சத்து. புரதத்தையும் மாவையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்குங்கள்: 105 + 136.5 + 85 = 326.5. அதாவது 100 கிராமுக்குச் சுமார் 327 கிலோ கலோரி. நம் 4 கிலோ பூனைக்கு 240 வேண்டும். 240ஐ 327ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 73 கிராம்.

இப்போது விலை கூடிய ஒரு பை: புரதம் 360, கொழுப்பு 200, ஈரப்பதம் 80, நார் 30. அதே கணக்கில் 100 கிராமுக்கு 387 வரும். அதே பூனைக்கு 62 கிராம் போதும். நல்ல உணவு வாங்கிக் கொடுக்கிறோம் என்ற நிறைவில் பழைய 73 கிராமையே போட்டால் உள்ளே போவது 282 கிலோ கலோரி. அது 5 கிலோ பூனையின் சாப்பாடு. கொழுப்பு எண்ணைப் பார்க்காமல் பை மாற்றியதால் எடை ஏறிய பூனைகள் ஏராளம்.

பையில் அச்சிட்டிருக்கும் "இத்தனை கிலோவுக்கு இத்தனை கிராம்" என்ற பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். அது அறுவை செய்யாத, சுறுசுறுப்பான பூனையையும் மனதில் வைத்துப் போட்டதாக இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பூனைக்கு உங்கள் கணக்கு அதைவிடக் குறைவாக வந்தால் குறைவானதிலேயே தொடங்குங்கள்.

ஈர உணவான பவுச்சுக்கும் டின்னுக்கும் இதே வழிதான், சாம்பலை மட்டும் 2 என்று வையுங்கள். புரதம் 8, கொழுப்பு 4, ஈரப்பதம் 82, நார் அரை என்றால் 100 கிராமில் 74 கிலோ கலோரி. 85 கிராம் பவுச் ஒன்றில் 63. பவுச் மட்டுமே கொடுப்பதானால் 4 கிலோ பூனைக்கு ஏறக்குறைய நான்கு வேண்டும், அது எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஒரு பவுச்சும் பாக்கிக்கு பெல்லட்டும் நல்ல ஏற்பாடு: 240இல் 63 போனால் 177, முதல் பையின் பெல்லட்டில் அது 54 கிராம். பவுச்சால் தண்ணீரும் உள்ளே போகும். பெல்லட்டில் ஈரம் பத்து சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். 4 கிலோ பூனைக்கு உணவும் குடிப்பதும் சேர்த்து நாளுக்கு 200 முதல் 240 மில்லி தண்ணீர் வேண்டும். அந்த ஒரு பவுச்சிலேயே 70 மில்லி கிடைத்துவிடும்.

படி 5: காலையில் ஒருமுறை நிறுத்து வையுங்கள்

சமையலறை மின்தராசு இதற்குப் போதும். மூடி போட்ட ஒரு டப்பாவைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, பெல்லட்டைக் கொட்டுங்கள். 68, 71, 73, நிறுத்துங்கள். இன்று முழுவதும் பூனைக்கு இந்த டப்பாவிலிருந்துதான். கப்பால் அள்ளினால் ஒருவர் தலைதட்டுவார், இன்னொருவர் குவித்து அள்ளுவார், கப் ஒன்றுதான், கிராம் வேறு.

கூட்டுக் குடும்பத்தில் இந்த டப்பாதான் சண்டையைத் தீர்க்கும். நம் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். பூனை ஆயாவின் காலைச் சுற்றும். "பாவம்டா, பசிக்குது அதுக்கு, வாயில்லா ஜீவன்" என்று ஆயா எழுந்திருப்பார். "ஆயா, காலையிலதான் வெச்சேன்" என்று பேரன் சொல்வது காதில் விழாது. ஆயாவைத் தடுக்க வேண்டாம். டப்பாவை ஆயாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்: "ஆயா, இது ராத்திரி வரைக்கும். நீங்களே எப்ப வேணும்னாலும் போடுங்க." கொடுக்கும் சந்தோஷம் அவருக்கு, அளவும் மீறாது. காலி டப்பாவைப் பார்த்தால் மற்றவர்களும் போட மாட்டார்கள்.

இரண்டு வேளையாவது பிரித்துக் கொடுங்கள், மூன்று நான்கு வேளை இன்னும் நல்லது. வெளியில் வேட்டையாடும் பூனை நாளெல்லாம் சின்னச் சின்ன இரையாகப் பத்து முறைக்குமேல் சாப்பிடக்கூடியது. அதன் வயிறு அப்படிப் பழகியது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பும் பூனைக்கு, பாகத்தில் ஒன்றைப் படுக்கப் போகும் நேரத்தில் வையுங்கள்.

படி 6: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்

சரியான உடல் என்றால் எடை நிலையாக இருக்க வேண்டும். ஏறினால் நாள் அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள், இறங்கினால் கூட்டுங்கள். அடுத்த எடைக்குக் காத்திருங்கள். அவசரப்பட்டு அன்றாடம் மாற்றினால் எது எதனால் என்று புரியாது.

நம் சமையலறையிலிருந்து போவது

தட்டிலிருந்து போவது எல்லாம் சேர்ந்து நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நம் 4 கிலோ பூனைக்கு அது 24 கிலோ கலோரி: வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி சுமார் 15 கிராம், அதாவது ஒரே ஒரு சின்னத் துண்டு. ஒரு முழு முட்டை 70க்கு மேல், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சாப்பாடு. 100 மில்லி முழுப்பால் 60க்கு மேல். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது, கழிச்சல்தான் மிஞ்சும். தண்ணீர் வையுங்கள்.

குழம்பு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது, குழம்பில் இறங்கியிருக்கும். கறித்துண்டைக் கழுவிக் கொடுப்பதும் சரியில்லை. டின் பில்ச்சர்ட் மீனை மிளகாய் சாஸோடு கொடுப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சாஸில் வெங்காயமும் மிளகாயும் இருக்கலாம், உப்பும் அதிகம். ஜூன், ஜூலையில் மத்தி கரையோரம் வரும்போது பச்சை மீனை அப்படியே போடுவதும் பழக்கம். சில வகைப் பச்சை மீன்களில் தயமின் சத்தை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்து, முள் எடுத்து, எப்போதாவது ஒரு துண்டு என்றால் சரி. ஈரலைத் தினமும் கொடுத்தால் ஏ வைட்டமின் மிகுந்து கழுத்தெலும்புகள் இறுகிப்போகும்.

புரட்டாசியில் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறவர்கள் பலர். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை வீடு கழுவி, பாத்திரம் தனியாக்கி, மாமிசம் நிறுத்தி விரதம் இருக்கிறோம். பூனை விரதம் இருக்க முடியாது. பிற உயிர்களின் மாமிசத்திலிருந்தே டாரின் என்ற சத்தைப் பூனை பெறுகிறது. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை பலவீனமாகும். டாரின் குறைவால் பூனைகளுக்கு இதய நோய் வருவது 1987இல் நிரூபணமானது. அதன்பிறகு பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். தயிர்சோறும் பருப்பும் அந்த இடத்தை நிரப்பாது. நாய் பெல்லட்டும் நிரப்பாது.

விரத மாதத்துக்கு பெல்லட் வசதி. சமைக்க வேண்டாம், வாடையும் குறைவு. பின்கட்டிலோ வராந்தாவிலோ பூனையின் தட்டு, கரண்டி, டப்பாவைத் தனியாக வைத்துவிட்டால் சமையலறை சுத்தமாக இருக்கும். பவுச்சுக்குப் பழகிய பூனையை விரதம் தொடங்கும் நாளன்று திடீரென்று மாற்றாதீர்கள். ஒரு வாரம் பத்து நாள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பெல்லட்டைக் கூட்டி, பவுச்சைக் குறையுங்கள். கிராம் கணக்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பெல்லட் மட்டும் ஆகும் மாதத்தில் தண்ணீர்க் கிண்ணங்களை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தைப்பூசக் காவடி விரதத்துக்கும் இதே ஏற்பாடு போதும்.

குட்டி, தாய், கிழப்பூனை

1.5 கிலோ குட்டிக்கு அடிப்படைத் தேவை 95 கிலோ கலோரி. வளர்வதற்காக அதை 2.5ஆல் பெருக்கினால் 237. மூன்று நான்கு மாதக் குட்டி, 4 கிலோ பெரிய பூனைக்குச் சமமாகச் சாப்பிட வேண்டும்! அதனால் குட்டியைப் பார்த்து "இத்தனூண்டு வயிறு" என்று குறைக்காதீர்கள். குட்டிகளுக்கான உணவாக, ஆறு மாதம்வரை நாளுக்கு மூன்று நான்கு வேளை. கருத்தடை அறுவை முடிந்ததும் கதை மாறும். பசி கூடும், தேவை குறையும். அறுவைக்குப் பிறகு வாராவாரம் எடை பார்த்து, தேவையான அளவு குறைத்துக்கொண்டே வாருங்கள். பருமன் தொடங்கும் வயது பெரும்பாலும் அதுதான். சினையாக இருக்கும், பாலூட்டும் தாய்க்குக் குட்டி உணவையே வேண்டுமட்டும் வையுங்கள், அங்கே அளவு பார்க்க வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பல பூனைகள் மெலியும். செரிமானம் குறைவதால் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். ஆனால் நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது என்றால் தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் இவற்றில் ஏதாவது இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யாமல் உணவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

பருமனைக் குறைப்பது

மேலே சொன்ன 6.5 கிலோ பூனையையே எடுத்துக்கொள்வோம். சரியான எடையான 5 கிலோவுக்கு அடிப்படைத் தேவை 234. அதை 0.8ஆல் பெருக்கினால் 187 கிலோ கலோரி. வாரத்துக்கு 65 கிராம் குறைந்தால் போதும், ஒன்றரைக் கிலோ இறங்க அரை வருடம் ஆகும். மிக வேகமாக இளைப்பது ஆபத்து. பருமனான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பட்டினி போட்டு இளைக்க வைப்பது பூனைக்கு ஆகவே ஆகாது. சாதாரண பெல்லட்டை இவ்வளவு குறைத்தால் புரதமும் குறைந்துவிடும் என்பதால், எடை குறைப்புக்கென்றே உள்ள உணவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

டர்பன் வெயில், குரங்கு, பக்கத்து வீடு

ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் பவுச்சைத் தட்டில் அரைமணி, ஒரு மணிக்கு மேல் விடாதீர்கள். திறந்த டின்னை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மின்வெட்டில் ஃபிரிட்ஜ் நெடுநேரம் நின்றிருந்தால் கொட்டிவிடுங்கள். பெல்லட் பையை வாய் திறந்து வைத்தால் கொழுப்பு கெட்டு வாடை அடித்து, பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையோடேயே மூடியுள்ள வாளியில் வையுங்கள்.

வெளியில் கிண்ணம் வைத்தால் குரங்குகள் வந்துவிடும். "பூனை நல்லா சாப்பிடுது, ஆனா மெலியுது" என்பவர்களின் கிண்ணத்தைக் காலி செய்வது சில நேரம் குரங்கு. நேர்மாறாக, குறைவாகப் போட்டும் எடை ஏறுகிறதா? ஒட்டினாற்போல் வீடுகள் உள்ள தெருக்களில் பூனை இரண்டு மூன்று வாசலில் சாப்பிடும். எளிதில் கழன்றுவிடும் கழுத்துப்பட்டையில் "எனக்குச் சாப்பாடு ஆயிற்று, தயவுசெய்து போட வேண்டாம்" என்று அக்கம்பக்கத்தார் படிக்கும் மொழியில் ஒரு சீட்டைக் கட்டிவிடுங்கள். நேரில் போய்ச் சொல்வது அதைவிட நல்லது.

இரண்டு பூனைகள் இருந்தால் தனித்தனி அறையில், தனித்தனி டப்பா. ஒரே கிண்ணத்தில் வைத்தால் ஒன்று பருக்கும், இன்னொன்று மெலியும், இரண்டின் அளவும் உங்களுக்குத் தெரியாது.

எப்போது மருத்துவரிடம்

பெரிய பூனை ஒரு முழு நாள் எதுவும் தொடவில்லை என்றால், குட்டி அரை நாள் தொடவில்லை என்றால், காத்திருக்க வேண்டாம். ஆண் பூனை மலமூத்திரத் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அந்த இரவே போக வேண்டும், அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். காரணமில்லாமல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் காட்டுங்கள். வலிக்கிறதோ என்று வீட்டிலுள்ள பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

போகும்போது காலண்டரில் எழுதிய எடைகளையும், உணவுப் பையின் பின்பக்கத்தைக் கைபேசியில் எடுத்த படத்தையும், ஒரு நாள் டப்பாவின் கிராம் கணக்கையும் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகள் அவைதான்.